இருபத்தைந்தாம் எண் வீடு பின்வாங்கியது

மார்ச் மாதக் கூட்டம் முடிந்த மறுநாள் காலை, ஹாரிங் தெருவின் இருபத்தைந்தாம் எண் வீடு ஒரு முழம் பின்னால் தள்ளி நின்றது. விரிசல் இல்லை, தூசி இல்லை, யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. முதலில் பார்த்தவள் பக்கத்து இருபத்தேழாம் எண்ணில் தனியாகக் குடியிருந்த ட்ரூஸ். குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வந்தவள், வரிசையாக நின்ற வீடுகளில் ஒன்று மட்டும் உள்வாங்கியிருப்பதைப் பார்த்து, நேற்றுவரை இப்படி இல்லையே என்று நினைத்தாள். அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. உள்ளே போய்விட்டாள்.

ரோட்டர்டாமுக்கு மேற்கே ஆற்றோரத்தில் இருக்கும் அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் ஒன்றோடொன்று ஒட்டியே கட்டப்பட்டவை. முன் ஜன்னலுக்குத் திரை போடுகிற வழக்கம் அங்கே கிடையாது. போகிறவன் வருகிறவன் பார்த்துவிட்டுப் போகட்டும், எங்களிடம் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய பெருமை. பார்க்கலாம், ஆனால் நின்று பார்க்கக் கூடாது, அது மரியாதைக்கேடு. அடெலினோ ஃபோர்ட்டெஸ் இருபத்தைந்தாம் எண்ணில் குடிவந்த அன்றே தன் முன் ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் திரை மாட்டினான். கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்களின் மகன், துறைமுகத்தில் இரவெல்லாம் கிரேன் இயக்குபவன், பகலில் தூங்குபவன். விஷயம் இவ்வளவுதான். முதல் வாரத்திலேயே அவன் ட்ரூஸின் கதவைத் தட்டி, ராத்திரி வேலைக்காரன், விடிகாலையில் கார் கதவுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, சோளமும் பீன்ஸும் போட்டு வேகவைத்த கறி ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டுப் போனான். அவள் ருசித்துச் சாப்பிட்டாள். கிண்ணத்தைக் கழுவித் திருப்பியும் கொடுத்தாள்.

தெருக்காரர்களின் கூட்டம் மாதாமாதம் தெருக்கோடியில் இருந்த பொதுக்கூடத்தில் நடக்கும். காப்பி உண்டு, ஆளுக்கு ஒரு பிஸ்கட் உண்டு, பிறகு டப்பாவை மூடிவிடுவார்கள். டப்பாவுக்குப் பொறுப்பு ஆரி. இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர், இருபத்தொன்பதாம் எண்காரர், கூட்டத் தலைவர். அவருக்கு எதிரே பேட்டைப் போலீஸ்காரன் பாஸ்டியான் உட்காருவான். நான்கு பேட்டைகளுக்கு அவன் ஒருவன்தான். இருந்த காவல் நிலையத்தையும் மூடி, அங்கே நகத்துக்குச் சாயம் பூசும் கடை வந்துவிட்டது. சைக்கிள்கள் காணாமல் போயின, கொட்டகைப் பூட்டுகள் உடைந்தன, ஒருத்தனும் பிடிபடவில்லை. கூப்பிட்டால் வருவதில்லை என்று தெரு அவனைத் திட்டியது. கூப்பிடுவதெல்லாம் பூனைக்கும் பட்டாசுக்கும்தானே என்று அவன் தெருவைத் திட்டினான்.

"என் சைக்கிள் போன அன்னிக்கு எங்கய்யா போய்த் தொலைஞ்சே?" என்றார் ஆரி.

"பூட்டாம விட்டுட்டு, நான் வந்து காவல் படுத்துக்கணுமா?" என்றான் பாஸ்டியான்.

அந்த மார்ச் மாதம், வட்டமாக உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் புகார் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ட்ரூஸின் முறை வந்தது. அவள் வீட்டில் ஒரு துரும்புகூடக் களவு போனதில்லை. எல்லாரும் ஆளுக்கொன்று சொல்லியிருக்கும்போது தான் மட்டும் ஒன்றுமில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. "இருபத்தஞ்சுல பட்டப்பகல்ல திரை போட்டு வச்சிருக்கான். உள்ள என்னதான் பண்றானோ!" என்றாள். உடனே ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். விடிகாலையில் வருகிறான் என்றார் ஒருவர், கையில் பை இருக்கிறது என்றார் இன்னொருவர். காணாமல் போன சைக்கிள்கள் எல்லாம் அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டன. பாஸ்டியானுக்கும் வசதியாகப் போயிற்று. அன்று அதற்குப் பிறகு அவனை யாரும் திட்டவில்லை. கிண்ணம் கொடுத்த கதையை ட்ரூஸ் சொல்லவில்லை.

மறுநாள் வீடு ஒரு முழம் நகர்ந்தது என்றால், ஏப்ரல் கூட்டத்துக்குப் பிறகு ஓர் ஆள் நீளம் நகர்ந்தது. அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நகர்வு. நகரசபையிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து, முன்புறம் புதிதாகக் கிடைத்த நிலத்தில் வேலி போடுவதானால் அனுமதி வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கோடையில் அது தன் தோட்டத்தைத் தாண்டியது, இலையுதிர் காலத்தில் பின்பக்கச் சிறுபாதையைத் தாண்டியது. தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் கூடவே நீண்டு கொடுத்ததால் அடெலினோவின் குளியலுக்கு ஒரு குறையும் வரவில்லை. பாஸ்டியான் மூன்று தடவை போய் அவன் கொட்டகையைக் கிளறினான். கிடைத்தது ஒரு மீன்தூண்டிலும் இரண்டு பெயிண்ட் டப்பாவும். ஒன்றும் கிடைக்காததே பெரிய சந்தேகம் என்று கூட்டம் முடிவுகட்டியது, வீடு அதற்கும் பின்னால் ஓடிய வாய்க்காலைத் தாண்டியது. இரண்டாம் வருடம் முடிவதற்குள் அது அக்கரைப் புல்வெளியில், பசுக்களுக்கு நடுவே நின்றது. பசுக்கள் வெயிலுக்கு அதன் நிழலில் படுத்தன, தபால்காரி கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டுப் பாலம் சுற்றிப் போகப் பழகிக்கொண்டாள்.

தெருவில் வரிசைக்கு நடுவே பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. அதன் வழியாக வாய்க்கால் காற்று வந்து அடித்தது. நிஜத் திருடர்களும் அந்த வழியாகவே வந்து போகத் தொடங்கினார்கள், அதையும் கூட்டத்தில் அடெலினோ கணக்கிலேயே எழுதினார்கள். ஆனால் எல்லாரையும்விட அடி விழுந்தது ட்ரூஸுக்குத்தான். காற்றையும் மழையையும் பார்த்தறியாத அவளுடைய பக்கச்சுவர் இப்போது வெட்டவெளியில் நின்றது. அந்த ஊர் மண் சேறு. வீடுகள் அங்கே தம் காலில் நிற்பதில்லை, பக்கத்து வீட்டின் மேல் சாய்ந்துதான் நிற்கின்றன. தட்டில் ஊற்றிய பட்டாணி சூப் ஒரு பக்கமாகவே ஒதுங்கியது, கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன. வந்து பார்த்த பொறியாளர் பெண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். "இருபத்தஞ்சு திரும்பி வரணும், இல்லன்னா நீங்க வெளியேறணும். இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாதும்மா." ட்ரூஸுக்கு அறுபத்தெட்டு வயது. அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

ஒரு மத்தியானம் பாலம் சுற்றிப் புல்வெளிக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அடெலினோ தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்றான். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"தம்பி, உன் வீட்டைத் திருப்பிக் கொண்டு வந்துடு. என் வீடு விழப்போகுது."

"நானா தள்ளிக்கிட்டு வந்தேன்? போலீஸ் மூணு தடவை என் கொட்டகையைக் கொட்டிக் கவுத்துச்சு. மூணு தடவையும் நீங்க உங்க ஜன்னல்ல நின்னு பாத்தீங்க. நின்னு."

"தெருவே பாத்துச்சு."

"தெருவுக்கா நான் சோறு குடுத்தேன்? உங்க வாயால போன வீடும்மா இது. அந்த வாயாலயே கூப்பிட்டுப் பாருங்க, வருதான்னு பாக்கலாம்." கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் குத்தலாகச் சொன்னதை அவள் வைத்தியமாக எடுத்துக்கொண்டாள். கெட்ட பேச்சால் போனது நல்ல பேச்சால் வராதா? அக்டோபர் கூட்டத்தில், டப்பா திறப்பதற்கு முன்பே எழுந்து நின்றாள். அங்கே யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. எல்லாரும் காப்பியைக் கீழே வைத்தார்கள்.

"அவன் துறைமுகத்துல ராத்திரி வேலை பாக்குறான். பகல்ல தூங்குறதுக்குத்தான் திரை. எனக்கு முதல் வாரமே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். சொல்றதுக்கு எங்கிட்ட வேற புகார் இல்ல, அதான்."

"இதை இப்ப எதுக்குச் சொல்றே?" என்றார் ஆரி.

"உண்மைங்கிறதால."

"உன் சுவரு சாயுதுங்கிறதால!"

அதுவும் உண்மைதான். ட்ரூஸுக்கு முகம் சிவந்து போயிற்று. சிவந்த முகத்தைக் கூட்டம் விடுமா? அக்கரைக்குப் போய் அவன் வாசலில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள், என் பெண்டாட்டி பார்த்தாள் என்றார் ஒருவர். எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டார் இன்னொருவர். மூலையிலிருந்து ஒரு பெண் குரலை உயர்த்தினாள்: "நாம வீட்டுல இல்லாதப்ப நம்ம பார்சலையெல்லாம் வாங்கி வைக்கிறது யாரு? இவதானே! எந்த வீடு எப்ப காலியா இருக்கும்னு இவளைவிட யாருக்குத் தெரியும்?" பத்து வருடமாக அவள் கால்கடுக்க வாங்கி வைத்த பொட்டலங்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் திருடனுக்குக் கொடுத்த துப்பாக மாறின. ட்ரூஸ் பாஸ்டியானைப் பார்த்தாள். அவன் ஆரியைப் பார்த்தான், பிறகு மெதுவாகத் தலையாட்டினான். "விசாரிக்க வேண்டிய விஷயம்தான்" என்றான்.

"நீங்கள்லாம் மனுஷங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். வீட்டுக்கு வரும்வரை அழுதாள், வந்த பிறகும் அழுதாள்.

மறுநாள் காலை இருபத்தைந்து வரவில்லை. இருபத்தேழு கிளம்பியிருந்தது. தெருவுக்குப் பேச்சு பழகிவிட்டதால் வீடும் முழக்கணக்கெல்லாம் பார்க்கவில்லை. நவம்பர் கூட்டம் முடிந்தபோது வாய்க்காலைக் கடந்தது. பொறியாளர் பெண் சொன்ன குளிர்காலம் முடிவதற்குள், ஒரு திங்கட்கிழமை முற்பகலில், சமையலறையில் நின்றிருந்த ட்ரூஸ் கால் கொஞ்சம் தடுமாறி, மேடையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பக்கச்சுவர் அடெலினோவின் பக்கச்சுவரோடு பழையபடியே செங்கல்லுக்குச் செங்கல் பொருந்தி ஒட்டிக்கொண்டது. சாய்வு அதோடு நின்றது. இத்தனை நாள் பனிக்கட்டியாகக் கிடந்த படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கத்து வீட்டின் சூடு வந்துகொண்டிருந்தது.

தெருவில் இப்போது இடைவெளி இரண்டு மடங்கு. ஆரியின் சுவர் வெயில் பார்க்கத் தொடங்கிவிட்டது, அவர் வீட்டுக் கதவுகளும் தாமாகத் திறந்துகொள்வதாகக் கேள்வி. கூட்டம் மாதாமாதம் நடக்கிறது. புல்வெளி பாஸ்டியானின் எல்லையில் இல்லை. அது வேறொரு போலீஸ்காரரின் எல்லை, அவர் இதுவரை வந்ததில்லை.

அன்று சுவர் ஒட்டிக்கொண்ட அதிர்வில் விழித்து அடெலினோ பனியனோடு வாசலுக்கு வந்தான். ட்ரூஸும் வாசலுக்கு வந்தாள். அவன் அவளுடைய வீட்டை மேலும் கீழும் பார்த்தான், தன் வீட்டைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுத்தபோது கையை உயர்த்தித் தடுத்தான்.

"இனிமே சுவர்ல ஆணி அடிக்கிறது, நாற்காலி இழுக்கிறது எல்லாம் சாயங்காலம் வச்சுக்குங்க. நான் தூங்கணும்."

"சரி தம்பி" என்றாள் ட்ரூஸ். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே நடந்தாள்.