நாற்பத்தொன்றாம் எண் லைன் வீடு

வானமாமலை மும்பை தாராவியில் எழுபத்தெட்டு வயதிலும் ஏழு மாடி ஏறித்தான் வீட்டுக்குப் போவார். லிப்டில் கால் வைத்ததே இல்லை. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவர் இறந்தபின் டிரங்குப் பெட்டியில் ஒரு சுரங்க அடையாள அட்டை கிடைத்தது: கோலார் தங்கவயல், தொழிலாளர் லைன் வீடு நாற்பத்தொன்று. அப்பா அங்கே வேலை பார்த்ததே மகன் மகேஷ்குமாருக்குத் தெரியாது.

பதினெட்டாம் நாள் அவனும் மனைவி மாரிசெல்வியும் தங்கவயலில் போய் இறங்கினார்கள். சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. உச்சி வெயிலில் தெருவில் ஆளில்லை. வீடுகளுக்குப் பின்னால் புல் முளைக்காத சாம்பல் நிறச் சுரங்கக் கழிவு மேடுகள்.

நாற்பத்தொன்றில் ஆறுமுகத்தாய் என்ற பெண் குடியிருந்தாள். மகேஷ் மொபைலில் அப்பாவின் படத்தைக் காட்டினான்.

"இவரா? முந்தாநாள் வந்தாரே."

"அரே, இவரு எங்கப்பாம்மா. செத்து பதினெட்டு நாளாச்சு."

"இவரேதான். தண்ணி வாங்கிக் குடிச்சாரு. உதுமானை மேல கொண்டாந்தாச்சான்னு கேட்டாரு."

மாரிசெல்வி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுமுகத்தாய் பக்கத்து வீட்டுப் பிரம்மநாயகத்தைக் கூப்பிட்டாள். முப்பது வருடம் சுரங்கத்தில் இறங்கியவர். உதுமான் என்றதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எழுபத்தாறுல பாறை வெடிச்சுது தம்பி. ரெண்டு பேரும் ஒரே இடத்துல வேலை. உங்கப்பா மட்டும் லிப்டுக் கூண்டேறி மேல வந்துட்டாரு. உதுமான் உடம்பைக்கூட எடுக்க முடியல. அந்த வாரமே உங்கப்பா ஊரைவிட்டுப் போயிட்டாரு."

உதுமானின் மகன் நசீர் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மகேஷ் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னான். நசீர் கடையைப் பூட்டிவிட்டு இருவரையும் பழைய சுரங்க வாய்க்கு அழைத்துப் போனார். கம்பி வேலி, அதற்கப்பால் இருட்டு. அந்த வெயிலிலும் உள்ளேயிருந்து வந்த காற்று மாரிசெல்வியின் காலில் சில்லென்று பட்டது.

"வெள்ளிக்கிழமை தோறும் இங்க வருவேன்," என்றார் நசீர். "கீழ யாரோ பாறையில தட்டுற மாதிரி கேக்கும். சின்ன வயசுலேருந்து கேட்டிருக்கேன். யார்கிட்டயும் சொன்னதில்ல."

மூவரும் வெகுநேரம் காதைக் கொடுத்து நின்றார்கள். காற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

"நேத்து வெள்ளிக்கிழமையும் வந்தேன். முதல் தடவையா கேக்கல," என்றார் நசீர்.

மகேஷ் வேலியைப் பிடித்தபடி அழுதான். "எங்கப்பா விட்டுட்டு வந்துட்டாரு பாய்."

"நின்னிருந்தா நீங்க பொறந்திருக்க மாட்டீங்க. வாங்க, வீட்ல சாப்பிட்டுப் போலாம்."

சாயங்கால ரயிலை விட்டுவிட்டு அவர்கள் நசீருடன் நடந்தார்கள்.