ஹாரன் அடிக்காத வண்டி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு மாத இதழின் ஆசிரியர் என்னிடம் கேட்டது கட்டுரை. "பழைய பெரிய எஸ்யூவி எப்படிப் பாத்து வாங்கணும்? நம்பி ஓட்டணும், போட்ட காசுக்கு மதிப்பு இருக்கணும். வாசகருக்குப் பயன்படற மாதிரி எழுதுங்க. உங்க இலக்கியத்த அதுல கலந்துடாதீங்க," என்றார். கடைசி வாக்கியத்தில் மட்டும் அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இது ஒரு குறை என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்தச் சமயம் பார்த்து என் அக்கா பழைய எஸ்யூவி ஒன்றைத் தேடி அலைந்துகொண்டிருந்தாள். கூடவே போய் நின்று வேடிக்கை பார்த்தால் கட்டுரை தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். வந்தது இதுதான்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

காலைச் சூரியனின் பொன்னொளியில் அந்த வாகனம் ஒரு கம்பீரமான—

(சே, விளம்பரம்.)

இரண்டாம் முயற்சி:

அக்கா சன்னலோரம் அழுதுகொண்டிருந்த—

(அக்கா அழவில்லை. அவள் அழுது நான் பார்த்ததில்லை. அடுத்தவரை அழவைத்துப் பார்த்திருக்கிறேன்.)

மூன்றாவது, உள்ளதை உள்ளபடி. எங்கள் பகுதிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய் இறக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவது அக்காவின் தொழில். அதில்தான் அவள் வீடு ஓடுகிறது. போன பள்ளிப் பருவத்தின் கடைசியில் கொட்டுகிற மழையில், மேம்பாலத்தின் நடுவில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளுடைய வேன் நின்றுபோனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலையே அம்மாக்கள் கூடிப் பேசித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பள்ளி திறப்பதற்குள் நல்ல வண்டி வரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்.

புது வண்டிக்கு வழியில்லை. பழசாக இருக்கலாம், பெரிசாக இருக்கவேண்டும், மூன்று வரிசை இருக்கை வேண்டும், நடுவழியில் காலை வாரக்கூடாது. கதையின் பிரச்சினை அவ்வளவுதான். இதைவிட ஆழமான பிரச்சினை வேண்டும் என்பவர்கள் இதழின் மற்ற பக்கங்களைப் புரட்டலாம்.

3

இனி பாத்திரங்கள். அத்தானை எழுதுவதில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. உள்ளபடி எழுதினால் மிகை என்பீர்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் குளியலறை டைல்ஸ் விற்கும் கடையில் வேலை பார்க்கிறார். வண்டி வாங்கும் பேச்சு எடுத்த நாளிலிருந்து கைப்பேசியில் கார் வீடியோ பார்த்துப் பார்த்து நிபுணர் ஆகிவிட்டார். எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் டயரை உதைப்பார். பிறகு மெல்லத் தலையாட்டுவார். என்ன தெரிந்தது என்று அவருக்கும் தெரியாது, டயருக்கும் தெரியாது.*

* அத்தான், இதைப் படித்தால் கோபப்படாதீர்கள். இது வேறு அத்தான்.

மெக்கானிக் ஒருவரும் வேண்டும். முதல் வரைவில் அவரை ஞானியாக்கியிருந்தேன். எஞ்சின்மேல் கைவைத்துக் கண்ணை மூடி ஒரே வார்த்தையில்— (அடித்துவிட்டேன்.) நிஜ மெக்கானிக் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மைத்துனனோடு சண்டை போட்டபடியே பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். எல்லா வண்டிக்கும் "ஓடும்" என்றார். எவ்வளவு நாள் ஓடும் என்று அக்கா கேட்டதற்கு "ஓடற வரைக்கும்மா," என்றார்.

4

முதல் வண்டி பளபளவென்றிருந்தது. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்ட வண்டி. விற்கிறவர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். அத்தான் டயரை உதைத்தார், தலையாட்டினார், ஏறி உட்கார்ந்து ஏசியைப் போட்டார். காற்றோட்டத் துளையிலிருந்து வண்ணக் காகிதத் துகள்கள் பொலபொலவென்று பறந்து வந்து அவர் மீசையில் ஒட்டிக்கொண்டன.

"பாத்தியா! எவ்ளோ ராசியான வண்டி! எத்தன பேர வாழ வச்சிருக்கு!" என்றார்.

அக்கா மீசையைப் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்தாள், அது பாதியில் நின்றது. மூன்றாம் வரிசைப் பெல்ட்டை இழுத்தாள், கையோடு வந்துவிட்டது. கூரையைத் தடவிப் பார்த்து, "இங்க என்ன, ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கு?" என்றாள்.

"அது ஒண்ணுமில்லம்மா. மாப்பிள்ளையோட ஃப்ரெண்டுங்க மேல ஏறி ஆடுவாங்க. சந்தோஷம்தானே!"

சந்தோஷம் அந்த வண்டியை ஒருவழி பண்ணியிருந்தது. குடித்தவன் ஓட்டியிருக்கிறான், குடிக்காதவன் போட்டி போட்டு ஓட்டியிருக்கிறான். சஸ்பென்ஷன் முனகிய முனகலில் ஊரிலுள்ள எல்லா ஊர்வலமும் கேட்டது.

5

இரண்டாவது வண்டி ஒரு சுத்தமான கொட்டகையில், துணி போர்த்தி நின்றது. சொந்தக்காரர் தாழ்ந்த குரலில் பேசினார். எல்லாரிடமும் அப்படித்தான் பேசுவாராம், தொழில் பழக்கம். கதவில் ஸ்டிக்கர் உரித்த தடம் தெரிந்தது.

"என்ன ஸ்டிக்கர் இது?" என்றார் அத்தான், டயரை உதைத்த காலைக் கீழே வைக்காமலேயே.

"எங்க கம்பெனி பேருங்க. இறுதிச் சடங்கு ஏற்பாடு பண்றோம். இது சவ வண்டி இல்லைங்க. அதுக்குப் பின்னாடி குடும்பத்த ஏத்திட்டுப் போற வண்டி."

அத்தானின் கால் தானாக இறங்கியது.

அக்கா உள்ளே ஏறினாள். மூன்று வரிசைப் பெல்ட்டுகளும் சரசரவென்று வந்து பூட்டிக்கொண்டன. ஒவ்வொரு கதவுப் பையிலும் ஒரு டிஷ்யூ பெட்டி, ஒழுங்காக. வேகம் என்றால் என்னவென்றே தெரியாத வண்டி. ஊர்ந்து ஊர்ந்து போனதில் தேய்ந்தது கிளட்ச் மட்டும்தான், அதையும் புதிதாக மாற்றியிருந்தார்கள்.

"வழியில நின்னதுண்டா?" என்றாள் அக்கா.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். முதல்முறையாக அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அம்மா, கல்யாணத்துக்கு லேட்டா போனா சிரிச்சிட்டு விட்ருவாங்க. எங்க வண்டி நடுரோட்டுல நின்னா, அழுதுட்டிருக்கிற குடும்பத்த இறக்கித் தள்ளச் சொல்ல முடியுமா? அதுக்குப் பயந்தே காலம்தவறாம சர்வீஸ் விடுவோம்."

அக்கா ஹாரனை அழுத்தினாள். கொட்டகையே அதிர்ந்தது. புத்தம்புதுச் சத்தம்.

"அத நாங்க அடிச்சதே இல்லைங்க," என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

மெக்கானிக் போனிலிருந்து வாயை எடுத்து "ஓடும்," என்றார்.

6

வீட்டில் நடந்த சண்டையை முழுதாக எழுதினேன், ஆசிரியரின் பக்க அளவு நினைவு வந்து சுருக்கினேன்.

"பச்சப் புள்ளைங்கள அந்த வண்டியிலயா ஏத்துவ? மனசு கேக்குதா உனக்கு?"

"அதுல ஏறினவங்க எல்லாம் உயிரோட ஏறி உயிரோட எறங்கினவங்க. உங்க ராசி வண்டிக்கு அந்தக் கேரண்டி இருக்கா?"

"ஊர் என்ன சொல்லும்?"

"மேம்பாலத்துல நின்னப்போ ஊரா வந்து தள்ளிச்சு? நான்தான் நனைஞ்சுக்கிட்டு நின்னேன். பின்னாடி வந்த லாரி எங்க மேல ஏறிடுமோன்னு ஒவ்வொரு புள்ள முகமா பாத்துட்டு நின்னேன். எனக்கு இனிமே அந்தப் பயம் வேணாம்."

அத்தான் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்த கார் வீடியோவை நிறுத்தினார். கிண்டல் செய்ய ஒரு வாக்கியம் தேடினேன், கிடைக்கவில்லை.

7

இங்கே முடிவு வேண்டும். கைவசம் சில இருக்கின்றன.

அக்கா கல்யாண வண்டியை வாங்குகிறாள், பள்ளி திறந்த முதல் வாரமே மேம்பாலத்தில்— (இதை எழுத எனக்குக் கை வரவில்லை. பிள்ளைகள் பெயர் எனக்குத் தெரியும்.)

அக்கா துக்க வண்டியை வாங்கி, அம்மாக்களைக் கூட்டி உண்மையைச் சொல்கிறாள், அவர்கள் கண்கலங்கிக் கைதட்டி— (நம்புகிறீர்களா? நானும் இல்லை.)

நடந்தது இது. அக்கா துக்க வண்டியை வாங்கினாள். கேட்டால் மறைக்காமல் சொல்வது, கேட்காவிட்டால் சொல்லாமலிருப்பது என்று முடிவெடுத்தாள். வண்டியைப் பார்க்க அம்மாக்கள் வந்தார்கள். ஏசி பின்வரிசை வரைக்கும் வருமா என்று கேட்டார்கள். பாட்டுப் போடுவீங்களா என்று கேட்டார்கள். நிறம் கொஞ்சம் டல்லா இருக்கே என்றார்கள். பிரேக் பிடிக்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இதற்குமுன் யார் ஓட்டினார்கள் என்றும் கேட்கவில்லை. ஒரு அம்மா பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, "உள்ள உக்காந்தாலே மனசு லேசாகுதுக்கா," என்றாள். எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பினார்கள். வண்டி ஒருநாள்கூட நிற்கவில்லை. டிஷ்யூ பெட்டிகளைச் சளி பிடித்த பிள்ளைகள் காலிசெய்துகொண்டிருக்கிறார்கள்.

8

இதை அச்சுக்கு அனுப்புமுன் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அச்சானால் அம்மாக்களுக்குத் தெரிந்துவிடும், பிழைப்பு போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அவள் வேண்டாமென்றால் கிழித்துப்போட்டுவிடத் தயாராக இருந்தேன். (தயாராக இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். நல்ல கதை அகப்பட்ட எழுத்தாளரை ரொம்ப நம்பாதீர்கள்.)

அக்கா கடைசிவரை படித்துவிட்டுத் தாளை என் மடியில் போட்டாள்.

"தாராளமாப் போடு."

"அம்மாக்கள் யாராவது படிச்சுட்டா?"

"உன் கதையவா?" என்று சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. "போடி இவளே. உன் கதைய கடைசி வரைக்கும் படிக்கிற ஒருத்தி எங்க தெருவுல இருந்தா, நானே அவ வீட்டுக்குப் போய் உண்மையச் சொல்லிட்டு வரேன்."

ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். வண்டியின் நிறத்தை நான் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். கதவில் ஸ்டிக்கர் தடத்தையும் இப்போது தேடாதீர்கள், அக்கா தேய்த்து எடுத்துவிட்டாள்.

ஆனால் கடைசிவரை படித்துவிட்டீர்களே. காலை ஆகப்போகிறது. பை தயார், தண்ணீர் பாட்டில் தயார், பிள்ளை ஒரு கால் ஷூவோடு நொண்டிக்கொண்டு உங்களைக் கூப்பிடுகிறது. வாசலில் ஒரு பெரிய வண்டி வந்து நின்று ஹாரன் அடிக்கிறது, புத்தம்புதுச் சத்தம். பின்கதவு திறந்திருக்கிறது, பெல்ட் சரியாக இருக்கிறது, ஓட்டுகிறவள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளையை ஏற்றுவீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள், பள்ளிக்கு நேரமாகிறது.