சத்தமாகப் படிங்கோ

மாடிப்படி ஏறினாலே பத்மாசனிக்கு நெஞ்சு வலித்தது. ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை என்றதும், கணவர் சீதாராமன், அவர்கள் குடியிருந்த பெஹாலாவில் தெரிந்தவர்களிடமெல்லாம், "எல்லாம் நடிப்பு" என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஜாதவ்பூரில் ஒரு டாக்டரம்மா வேறு பரிசோதனை செய்து, இதயத்தின் மிகச் சிறிய ரத்தக்குழாய்களில் கோளாறு என்று கண்டுபிடித்தார். மாத்திரையில் வலி தணிந்தது. கோபம் தணியவில்லை.

நவராத்திரிக்கு அதே ஆட்களைக் குடும்பத்தோடு அழைத்தாள். எல்லாரும் உட்கார்ந்ததும் ரிப்போர்ட்டைக் கணவரிடம் நீட்டினாள்.

"படிங்கோ."

"இப்போ எதுக்குடி?"

"நடிப்புன்னு இவா கிட்டதானே சொன்னேள்?"

அவர் இங்கிலீஷில் முணுமுணுத்தார்.

"தமிழ்ல."

"வலி... நிஜம்தான்."

"கடைசியில உக்காந்திருக்கறவாளுக்குக் கேக்கலை. இன்னொரு தடவை."

அவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பத்மாசனி நிதானமாகச் சுண்டல் கொடுக்கத் தொடங்கினாள்.