தள்ளுபடி வேண்டாம்

வண்டிக்கு சீட் தைக்கிற வேலையில் மாஸ்டரக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை அவளே சொல்வாள், கொஞ்சமும் கூச்சப்படாமல் சொல்வாள். பதினெட்டு வருடம் ரெக்சினோடும் நுரையோடும் மல்லுக்கட்டியவளுக்கு அடக்கம் எதற்கு? கடை முதலாளிக்கு முட்டிவலி முற்றிப்போய், "நீயே கடையை எடுத்துக்கோம்மா. வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரல. ஆனா மூணு மாசத்துல பணம் வேணும்" என்று சொன்னபோது அவள் மறுபேச்சுப் பேசவில்லை. கையில் ஒட்டியிருந்த பசையைக் கழுவிக்கொண்டு நேரே வங்கிக்குப் போனாள்.

அங்கேதான் ஆப்பு காத்திருந்தது.

"உங்க பேருல ஒரு வேன் லோன் இருக்கேம்மா. பதினோரு தவணை கட்டல" என்றார் வங்கி அதிகாரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது என் வீட்டுக்காரர் வாங்கின வண்டி சார். எங்களுக்குள்ள விவாகரத்து கேஸ் நடக்குது."

"இருக்கலாம். கையெழுத்து ரெண்டு இருக்கு. அதுல ஒண்ணு உங்களது. இந்தக் கடன் வரலாற்று அறிக்கையை வச்சுக்கிட்டு நான் ஒரு பைசா தர முடியாது."

கையெழுத்து அவளுடையதுதான், அதை எப்படி இல்லை என்பது? ஆறு வருடத்துக்கு முன்னால், சுற்றுலா வேன் ஓட்டிக் கோட்டை கட்டப்போவதாக அவன் அளந்தபோது, பைனான்ஸ் கம்பெனிக்காரன் விரல் வைத்த இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். சீட்டும் அவளே தைத்துக் கொடுத்தாள், கூலி வாங்காமல். இரண்டு வருடத்துக்கு முன் அவன் வீட்டைவிட்டுப் போனபோது வேனை ஓட்டிக்கொண்டு போனான். கடனை மட்டும் பெருந்தன்மையாக இவளுக்கு விட்டுவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் வக்கீலம்மா அறையில் அவனிடம் வேனைப் பற்றிக் கேட்டாள். மரியாதைக் குறைவு இல்லாமல், "நீங்க" போட்டுத்தான் கேட்டாள்.

"வண்டி எஞ்சின் போயிடுச்சு. இரும்புக் கடையில போட்டுட்டேன்" என்றான் அவன், ரொம்பச் சோகமாக. "கடன் பூரா என்னுதுன்னு எழுதித் தர்றேன். அது போதாதா? சீக்கிரம் கையெழுத்தப் போடு."

அவனுக்கு அவசரம். வேறொருத்தியைப் பார்த்து, பேசியும் முடித்துவிட்டான் என்பது ஊருக்கே தெரியும்.

வக்கீலம்மா அவளைத் தனியே அழைத்துச் சொன்னார். "அவர் எழுதித் தர்றது உங்க ரெண்டு பேருக்குள்ள மட்டும்தான். கோர்ட்டே சொன்னாலும் பைனான்ஸ் கம்பெனி அதுக்குக் கட்டுப்படாது. அவர் கட்டலன்னா உங்க கதவைத்தான் தட்டுவாங்க."

"அப்படின்னா கடன் முடிஞ்ச பிறகுதான் என் கையெழுத்து" என்று சொல்லிவிட்டு மாஸ்டரக்கா எழுந்து வந்துவிட்டாள். வீராப்பாக வந்தாளே தவிர, பேருந்தில் உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடை கைநழுவிப் போனால், அதை வாங்கப்போகிறவனிடம் தினக்கூலிக்கு நிற்கவேண்டும். அந்த எண்ணமே அவளுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு மாதம் அப்படியே ஓடியது. அவன் அசையவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மஞ்சள் வேன் ஒன்று பின்பக்கமாகவே கடைக்குள் நுழைந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வண்டி. தொப்பையும் சிரிப்புமாக இறங்கினார் வேன்காரர்.

"இந்த சீட்டைத் தைச்ச கை யாருதுன்னு நாலு கடை ஏறி இறங்கிட்டேம்மா. பிள்ளைங்க குதிச்ச குதிக்கு ஒரு தையல் விடல! கடைசியில உங்க கடையச் சொன்னாங்க. பின்னாடி இன்னும் ரெண்டு சீட் இதே மாதிரி வேணும்."

அவள் உள்ளே ஏறி ஒரு சீட்டின் மூலையைத் தடவினாள். மூலையில் ரெக்சினை மூன்று மடிப்பாக மடித்து, அடியில் கித்தான் துண்டு வைத்து, இரட்டைத் தையல் போட்டிருந்தது. மற்றவர்கள் ஒரு மடிப்போடு நிறுத்திக்கொள்வார்கள், மூன்றுக்கு நேரம் பிடிக்கும். இந்த ஊரில் அப்படித் தைக்கிறவள் ஒருத்திதான். இறங்கிப் போய் வண்டி எண்ணைப் பார்த்தாள். வெள்ளைக்கு மேல் மஞ்சள் அடித்திருந்ததே தவிர, எண் அவன் வேனின் அதே எண்.

இரும்புக் கடைக்குப் போன வண்டி எவ்வளவு ஜோராக ஓடுகிறது பாருங்கள்.

"பேப்பர் உங்க பேருக்கு மாத்திட்டாங்களா அண்ணே?"

வேன்காரர் முகம் சுருங்கியது. "அதாம்மா தலைவலி. பாதிப் பணம் கொடுத்துட்டேன். பேப்பர் வந்ததும் மீதி தர்றதா பேச்சு. எட்டு மாசமா அடுத்த வாரம், அடுத்த வாரம்னே சொல்றான்."

அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னாள். மனுஷன் ஆடிப்போனார்.

செய்தி கேட்ட தங்கை போனில் துள்ளினாள். "அக்கா, உடனே கம்பெனிக்குச் சொல்லிடு. வண்டியத் தூக்கிட்டுப் போகட்டும், பீடை விட்டுது!"

"தூக்கினா அடிமாட்டு விலைக்கு ஏலம் போடுவான்டி. மீதி என் தலைமேலதான் நிக்கும். இந்த மனுஷனும் நடுத்தெருவுல நிப்பாரு. எனக்கு வேற கணக்கு இருக்கு."

மறுவாரம் பைனான்ஸ் கம்பெனி மேலாளரின் மேசைக்கு முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேன்காரர், மாஸ்டரக்கா, அப்புறம் முகத்தில் ஈயாடாமல் அவன். கடன் தீராத வண்டியைக் கம்பெனிக்குத் தெரியாமல் விற்றவனுக்கு, போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் கால் தானாக நடந்து வந்துவிட்டது.

வேன்காரர் தரவேண்டிய மீதிப் பணம் கடனில் முக்கால்வாசிக்கு வந்தது. மேலாளர் கணக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தாராளமாகச் சிரித்தார்.

"முக்காலே போதும். மிச்சத்தைத் தள்ளுபடி பண்ணிடறோம். இன்னைக்கே கணக்க முடிச்சுக்கலாம்."

அவன் முகத்தில் உயிர் வந்தது. வேன்காரர் பெருமூச்சு விட்டார். ஆளாளுக்குப் பேனாவைத் தேடினார்கள்.

"ஒரு நிமிஷம் சார். தள்ளுபடியில முடிச்சா என் அறிக்கையில என்னன்னு வரும்?"

மேலாளர் கொஞ்சம் இழுத்தார். "சமரசத்தில் தீர்க்கப்பட்டதுன்னு வரும்."

"முழுசாக் கட்டினா?"

"முழுதும் செலுத்தப்பட்டதுன்னு வரும்."

"ரெண்டும் ஒண்ணுதான், விடு" என்றான் அவன்.

"ஒண்ணு இல்லீங்க. முக்கால் சீட் தைச்சு நான் யாருக்கும் கொடுத்ததில்ல. என் பேருக்குப் பக்கத்துல அரைகுறையா ஒரு வார்த்தை நிக்கக் கூடாது. வண்டிய வித்து நீங்க வாங்கின பாதியிலிருந்து அந்தக் கால் பங்கைக் கட்டுங்க."

"அது செலவாயிடுச்சு!"

"அப்ப மெதுவாக் கட்டுங்க. விவாகரத்துக் கையெழுத்தும் மெதுவா வரும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சுத்தப் பொய். முதலாளி கொடுத்த கெடுவில் பத்தொன்பது நாள்தான் மிச்சமிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இவள் இப்படி உட்காருவாள் என்று பன்னிரண்டு வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவனுக்கே தெரிந்திருக்கவில்லை.

வேன்காரரின் பணம் அன்றே கம்பெனிக்குப் போனது. கால் பங்குக்கு அவன் ஒன்பது நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான். பத்தாம் நாள், புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளை விற்றுக் கட்டினான். முழுதும் செலுத்தப்பட்டது என்ற கடிதம் கைக்கு வந்த பிறகு, மாஸ்டரக்கா வக்கீலம்மா அறைக்குப் போய் விவாகரத்துப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மறுபடி வங்கிக்குப் போனாள். தன்னால்தானே இவளுக்குப் பாதை பிறந்தது என்ற உரிமையில் வேன்காரரும் ஒட்டிக்கொண்டு வந்தார். அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"தள்ளுபடி வாங்காமக் கட்டியிருக்கீங்களே! நல்லது. ஆனா பதினோரு மாசம் தவறினது சில வருஷத்துக்கு அறிக்கையில இருக்கும்மா. அதை அழிக்க முடியாது."

"இருக்கட்டும் சார். நடந்தது நடந்ததுதானே."

"லோன் தரலாம். வட்டிதான் ஒரு சதவீதப் புள்ளி கூடுதலா வரும். ஜாமீனுக்கு யாராவது கையெழுத்துப் போட்டா அதையும் குறைச்சிடலாம்."

வேன்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிவிட்டார். "நான் போடறேன் சார்! என் வண்டியக் காப்பாத்தின பிள்ளை. எங்க போடணும், காட்டுங்க."

படிவத்தின் எந்தப் பக்கம் என்றுகூட அவர் பார்க்கவில்லை. மாஸ்டரக்கா அவர் விரலிலிருந்து பேனாவை மெல்ல வாங்கினாள்.

"வேண்டாம் அண்ணே. எனக்கு மட்டுமில்ல, யாருக்கும் இப்படிப் படிக்காமப் போடாதீங்க" என்றாள். அதிகாரி பக்கம் திரும்பி, "அந்த ஒரு புள்ளியை நானே கட்டிக்கறேன் சார். என் கடன் என் பேருல மட்டும் இருக்கட்டும்" என்றாள்.

இணைக் கடன்காரர், ஜாமீன்தாரர் என்று இருந்த இரண்டு கட்டங்களிலும் குறுக்கே கோடு இழுத்தாள். அப்புறம் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அவள் நிதானமாக அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.