இடது கை அவனுக்கு

ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை முதலில் இடது கையில் சுற்றிக்கொள்வேன். அது கரண்டியின் அளவு. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வலது கையில் சுற்றுவேன். அது என் அளவு. இடது கைக்கு வந்த எண் பழுப்பு நோட்டில் ஏறும், வலது கைக்கு வந்தது நீல நோட்டில். இருபது நாட்கள் இப்படியே செய்தேன்.

கரண்டி என்பது படையில் அவனுக்கு விழுந்த பெயர். எங்கள் பிரிவின் சமையல்காரன். நான் லாரி ஓட்டியதால் இன்றுவரை அவனுக்கு டிரைவர். ஓய்வுபெற்று இத்தனை வருடம் ஆகியும் அடுத்தடுத்த தெருவில்தான் குடியிருக்கிறோம்.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் புது ஏற்பாடு ஒன்று வந்தது. எங்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஜோடிக்கு ஒரு ரத்த அழுத்தக் கருவியும் ஆளுக்கொரு நோட்டும் கொடுத்தார்கள். தினமும் காலையில் ஒருவருக்கொருவர் அளந்து எழுத வேண்டும். இருபதாம் நாள் நோட்டோடு டாக்டரிடம் போய், கேட்க வேண்டியதைக் கேட்டு, மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

“உங்க உடம்புக்கு இனிமே நீங்கதான் காவல்” என்றார் சிஸ்டர்.

“சம்பளம் உண்டா சிஸ்டர்?” என்று கேட்டான் கரண்டி. அறையே சிரித்தது.

முதல் நாள் என் வீட்டுச் சமையலறை மேசையில் அவன் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினேன். காற்று ஏறி இறுகியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர ஆரம்பித்தபோது அவன் முகம் வெளிறிப்போனது. எண் வருவதற்குள் பட்டையைப் பிய்த்து எறிந்தான்.

“என்னடா ஆச்சு?”

குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“முகாம்ல அந்தச் சுவர் விழுந்தப்போ, அடியில கிடந்தவன் என் கையைப் பிடிச்சிட்டிருந்தான்ல. முதல்ல இறுக்கித்தான் பிடிச்சான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விட்டான். இந்தச் சனியனும் அதே மாதிரிதான்டா விடுது.”

“டாக்டர்கிட்ட சொல்லிடலாம்.”

“சொன்னா ஆஸ்பத்திரி நாலாவது மாடியில படுக்க வச்சு அளப்பாங்க. அங்க போனவன் எவன்டா திரும்பி வந்தான்? நீயே ஏதாவது எழுதிடு.”

படையில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் பெயர் வாசிக்கும்போது எழுந்து வராதவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன் குரலை மாற்றி ‘ஆஜர்’ சொல்வான். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. சொல்லாமல் நின்றவனைத்தான் அதன் பிறகு யாரும் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். ஆனாலும் இல்லாத ஓர் எண்ணை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏதோ ஓர் உடம்பிலிருந்து வந்ததாகவாவது இருக்கட்டும் என்று என் இடது கையை அவனுக்குக் கொடுத்தேன்.

முதல் நாள் வலது கை 138 காட்டியது, இடது கை 128. பத்தாம் நாள் வலது கை 158, இடது கை 120. அதன் பிறகு நோட்டைத் திறக்கவே பயமாயிருந்தது. நீல நோட்டில் நான் ஏறிக்கொண்டே போனேன். பழுப்பு நோட்டில் அவன் இறங்கிக்கொண்டே வந்தான்.

கரண்டியோ நன்றாகத் தேறியிருந்தான். சீட்டியடித்துக்கொண்டு வருவான். “நீ எழுத ஆரம்பிச்சதுல இருந்து தலைசுத்தல் போன இடம் தெரியலடா” என்பான். எனக்குத்தான் மாடிப்படி ஏறினால் பின்மண்டை இடித்தது.

ஒருநாள் காலி டம்ளரை நான் நீட்டியபோது என் மனைவி என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். “என்னங்க, இந்தக் கை மட்டும் ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?”

அது இடது கை. தலை வாரினால் பாதியிலேயே சோர்ந்து கீழே விழுந்தது. ஒரு காலையில் அது மேசைமேல் கிடந்ததைப் பார்த்தேன். கட்டைவிரலை உள்ளே மடக்கி, அரை முஷ்டியாகக் கிடந்தது. கரண்டிதான் அப்படிக் கையை வைப்பான். நான் ஒருநாளும் வைத்ததில்லை. விரல்களை ஒவ்வொன்றாக வலது கையால் பிரித்துவிட்டேன்.

அவன் நோய் எனக்குள் இறங்குகிறது, என் கை அவனிடம் போகிறது என்று நம்பத் தொடங்கியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவனை நாலாவது மாடிக்கு அனுப்புவார்கள். சொல்லாவிட்டால், பழுப்பு நோட்டைப் பார்த்துவிட்டு அவன் மாத்திரையைக் குறைப்பார்கள். வருடக்கணக்கில் அந்த மாத்திரைதான் அவனை நிற்கவைத்திருந்தது.

இருபதாம் நாள் காலையில் அளந்து எழுதிவிட்டு இருவரும் டாக்டர்முன் உட்கார்ந்தோம். அவர் பழுப்பு நோட்டைப் புரட்டினார்.

“பிரமாதம். 110-க்கு வந்திருக்கு. மாத்திரையைப் பாதியாக்கிடலாமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“நீங்க சொன்னா சரிதான் டாக்டர்” என்று கரண்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“ரெண்டு நோட்டும் என்னோடது டாக்டர்” என்றேன்.

மேசைக்கடியில் கரண்டி என் காலை ஓங்கி மிதித்தான். “டேய், உனக்கென்ன மறை கழண்டுடுச்சா?”

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. இரண்டு நோட்டுகளையும் அருகருகே வைத்து விரலால் வரிவரியாக இறங்கினார். பிறகு என் இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரே நேரத்தில் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“இடது கைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிட்டு வருது. உங்க நிஜமான அழுத்தம் வலது கையில இருக்கிறதுதான். ரெண்டு எண்ணையும் ஒரே நோட்டுல எழுதியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

என் கைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. மூச்சு சீராக வந்தது. அதற்குள் அவர் கரண்டியின் பக்கம் திரும்பியிருந்தார்.

“அப்ப உங்களோடது எங்க?”

எங்குமே இல்லை. இருபது நாட்களாக அப்படி ஓர் ஆள் எந்தத் தாளிலும் இருக்கவில்லை.

கரண்டி தானாகவே வலது கைச் சட்டையை மடித்தான். “டிரைவர், நீயே சுத்து. அது விடும்போது ஏதாவது பேசிட்டே இரு.”

சுற்றினேன். பட்டை இறுகித் தளரத் தொடங்கியது.

“அண்டாவைத் தீய விட்டியே, அந்தக் கருகலை எட்டு நாள் தின்னோம்” என்றேன்.

“ஏழு நாள்டா” என்றான், கண்ணைத் திறக்காமலே. நெற்றியில் வியர்வை ஓடியது.

178/104.

நீல நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக, காலையில் நான் எழுதியதும் 178/104.

“சில சமயம் இப்படி ஒத்துப்போறது உண்டு” என்றார் டாக்டர். ஆனாலும் கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டார். “இன்னொரு தடவை பார்க்கலாமா?”

“வேணாம் டாக்டர், இது என்னோடதுதான்.” கரண்டி பழுப்பு நோட்டை இழுத்து, புதுப் பக்கம் திருப்பி, தன் கோணல் எழுத்தில் எழுதினான். “மேல எத்தனை நாள் இருக்கணும்? என்ன பண்ணுவீங்கன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் வருவேன்.”

“மூணு நாள். ரெண்டு பேருமே வரணும்.” மீதியையும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். இரண்டாவது மாடி தாண்டியது.

“கை வலிக்குதா உனக்கு?” என்று கேட்டான்.

வலிக்கவில்லை. நெடுநாளைக்குப் பிறகு இடது உள்ளங்கையில் சூடு ஊறிக்கொண்டிருந்தது. இல்லையென்று தலையசைத்தேன்.

“எனக்கு ஜில்லுனு இருக்குடா” என்று அவன் தன் கையைத் தேய்த்துக்கொண்டான். பட்டை சுற்றாத இடது கை.

கதவு திறந்தது.