பதின்மூன்று மிஸ்டு கால்கள்

வகுப்பு நாலேகாலுக்கு முடியும். அதன்பிறகு நான் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

பதின்மூன்று பெண்கள். ஒவ்வொருவரும் வீடு சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் தர வேண்டும். இரண்டு முறை மணி அடித்தால் போதும். எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் பெயருக்கு நேரே டிக் போடுவேன். பதின்மூன்றாவது டிக் விழுந்தபின் அறையைப் பூட்டுவேன். இது நான் கொண்டுவந்த விதி. யாரும் காரணம் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

கல்லூரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குன்னூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறைகள், சமுதாயக் கல்லூரி என்று ஒரு பலகை. படிப்பைப் பாதியில் விட்ட பெண்களுக்குத் தையல், கணினி, நோயாளர் பராமரிப்பு என்று ஓராண்டுச் சான்றிதழ் வகுப்புகள். நோயாளர் பராமரிப்பு என் பொறுப்பு. விலங்கியல் படித்தவன் என்பதால் பாடம் நான் எடுப்பேன். செய்முறைக்கு ஒரு நர்ஸ் வருவார். சனியும் ஞாயிறும் வகுப்பு.

என் மனைவி பாலாமணி போன வருடம் இதே வகுப்பில் படித்தாள். நான்தான் சேர்த்துவிட்டேன். பிப்ரவரியில் ஒரு மாலை பஸ்ஸிலிருந்து இறங்கித் தேயிலைக்குள் குறுக்கே நடந்து வந்தவளைக் காட்டெருமை முட்டிவிட்டது. அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்து ஏழு மணிவரை நான் தேடவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து மழை. மாலையில் மழை விட்டுப் பனிமூட்டம் இறங்கியிருந்தது. எதிரே இருந்த பேக்கரியின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. ஐந்தேகாலுக்குள் பன்னிரண்டு டிக் விழுந்துவிட்டன. பேச்சியின் அழைப்பு சரியாக ஐந்து மணிக்கு வந்திருந்தது. அவள் எப்போதும் அப்படித்தான். மீதி, அவளோடு அதே பஸ்ஸில் போகும் ரோஸ்மேரி ஒருத்தி.

அவளுடைய எண் ஒளிர்ந்தது. இரண்டு மணியோடு நிற்கவில்லை. எடுத்தேன்.

“சார், நான் ரோஸ்மேரிங்க. வண்டி டயர் வெடிச்சுருச்சு. அரை மணி நேரமா ரோட்டுலயே நின்னோம். இப்பத்தான் மாத்திக் கெளம்புது. லேட்டாகும், பயந்துக்காதீங்க.”

“சரிம்மா. பேச்சி எப்படி முன்னாடியே போனாங்க?”

“பேச்சியக்கா எங்கங்க முன்னாடி போச்சு? என்கூடத்தான் நின்னுச்சு. பொறுத்துப் பாத்துட்டு, இப்ப ஒரு அஞ்சு நிமிசம் முன்னாடிதான் எறங்கி நடந்துச்சு. பன்னண்டாம் நம்பர் வழியாப் போனா கால் மணி நேரம்னு சொல்லுச்சு.”

எஸ்டேட்டில் தேயிலைச் சரிவுகளுக்கு எண்தான் பெயர். பன்னிரண்டாம் நம்பர் மேலே சாலையில் ஆரம்பித்துக் கீழே பேச்சி இருக்கும் தொழிலாளர் குடியிருப்பில் முடியும்.

பதிவேட்டைப் பார்த்தேன். பேச்சி, டிக், ஐந்து மணி. ஐந்து மணிக்கு அவள் சாலையில் நின்றிருக்கிறாள்.

அவளுடைய எண்ணுக்கு அழைத்தேன். மாமியார் மூக்கம்மா எடுத்தார்.

“பேச்சி வந்தாச்சுங்களா?”

“இன்னும் வரலீங்களே சாமி.”

“அஞ்சு மணிக்கு இந்தப் போன்ல இருந்து எனக்கு மணி அடிச்சுது.”

“ஆமாங்க, நாந்தான் அமுக்குனேன். அஞ்சானதும் அமுக்கி, ரெண்டு மணி அடிச்சதும் வெச்சுருங்கன்னு சொல்லியிருக்கு. இல்லீன்னா சாரு ஊட்டுக்கே போகாம உக்காந்திருப்பாராமே. பேத்தி திருப்பூர்ல கம்பெனி ஹாஸ்டல்ல இருக்குதுங்க. அது சனி, ஞாயிறுதான் கூப்புடும். அதனால போன ஊட்டுலயே வெச்சுட்டுப் போயிரும்.”

“எப்ப இருந்து நீங்க அமுக்கறீங்க?”

“மொத நாள்ல இருந்துங்க.”

ஐந்து மாத டிக்குகள். ஒன்றுகூட அவள் போட்டதில்லை.

பைக்கை எடுத்தேன். எட்டு கிலோமீட்டர். மூட்டத்தில் வேகமாகப் போக முடியவில்லை. வளைவுகளில் ஹாரன் அடித்தபடி, சாலையின் வெள்ளைக்கோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். எதையும் நினைக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்குப் பன்னிரண்டாம் நம்பரின் மேல்முனையில் நிறுத்தினேன். மூக்கம்மாவை மறுபடி அழைத்தேன். பேச்சி இன்னும் வரவில்லை என்றார். கால் மணி நேர வழியில் போனவள் முப்பத்தைந்து நிமிடமாக எங்கோ இருக்கிறாள்.

தோட்டக் காவல்காரர் மருதாசலம் டார்ச்சோடு வந்தார். எனக்கு அவரைத் தெரியும். பாலாமணியைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர். விஷயத்தைச் சொன்னதும் டார்ச்சை அணைத்துவிட்டார்.

“மத்தியானத்துல இருந்து ஒரு காட்டெருமை மாடு ஒத்தையா உள்ளதான் நிக்குதுங்க. கூட்டத்தோட இருந்தாக்கூடப் பயமில்லை. ஒத்தை மாடுதான் மோசம்.”

“கூப்பிட்டுப் பார்க்கலாமா?”

“வேண்டாங்க. நீங்க கூப்புட்டா அந்தப் புள்ள பதில் சொல்லும். பதில் வர்ற பக்கமா மாடு திரும்பும்.”

அதனால் பேசாமல் நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். தேயிலைச் செடிகள் இடுப்பளவு. நாலு செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசை எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. ஒவ்வொரு கரிய உருவமும் முதலில் மாடாகத் தெரிந்தது, பிறகு பாறையாகவோ வெட்டிய மரத்தின் அடியாகவோ ஆனது. தரையைப் பார்த்து நடந்தேன். தரையில் என்ன தேடுகிறேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பாலாமணியின் செருப்பு ஒன்றுதான் முதலில் கிடைத்தது.

மருதாசலம் கையைப் பின்னால் நீட்டி என் மார்பைத் தொட்டார். நின்றேன்.

முதலில் மணம்தான் வந்தது, தொழுவத்து மணம். பிறகு ஒரு மூச்சு. பதினைந்தடி தள்ளி, பாறை என்று நான் நினைத்தது தலையைத் தூக்கியது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் கால்கள். அது எங்களைப் பார்க்கவில்லை. கீழே, சரிவின் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

எதைப் பார்க்கிறது என்று யோசித்தபோது என் சட்டைப் பையில் மணி அடித்தது.

இரண்டு முறை. பிறகு நின்றது. ரோஸ்மேரி வீடு சேர்ந்துவிட்டாள்.

மாடு முழுதாகத் திரும்பியது. ஒரு சீறல். மருதாசலம் என்னைப் பிடித்துச் செடிகளுக்கு நடுவே தள்ளினார். கிளைகள் முறியும் சத்தம் எங்களுக்கு மேலே வந்ததா, கீழே போனதா என்று தெரியவில்லை. நிலம் அதிர்ந்தது மட்டும் தெரிந்தது. அது கீழே போனால் அவள்மேல் போகும். நான்தான் அனுப்பியிருப்பேன்.

சத்தம் ஓய்ந்தது. நீர் சொட்டும் ஓசை திரும்பி வந்தது.

“போயிருச்சுங்களா?”

பெண்குரல், தரைக்குள்ளிருந்து வருவதுபோல.

செடி வரிசைகளுக்கு இடையே மழைநீர் ஓட வெட்டிய பள்ளத்தில் பேச்சி குப்புறப் படுத்திருந்தாள். சேறு கழுத்துவரை. முப்பத்தாறு வயதுக்காரி. நாங்கள் தூக்கிவிட்டபோது குழந்தைபோல் எடையில்லாமல் வந்தாள். பற்கள் அடித்துக்கொண்டன. வயிற்றோடு எதையோ அணைத்திருந்தாள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாள், நாலாக மடித்தது. உள்ளே ரெக்கார்டு நோட்டு.

“நனையலீங்க சார்,” என்றாள். “பாத்துக்கங்க.”

நோட்டை வாங்கக் கையை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சேற்றுக் கையைச் செடியின் ஈர இலைகளில் துடைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு கையால் என் கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பினாள். உதடுகள் அசைந்தன.

“நூத்தி இருபத்தெட்டு. உக்காருங்க சார். தலையக் கீழ தொங்கப்போடுங்க.”

“ஏம்புள்ள, மாட்டுக்கும் நாடி பாத்தியா?” என்றார் மருதாசலம்.

“கிட்டத்தான் நின்னுச்சு. கையக் குடுக்க மாட்டேன்னுருச்சு.”

குடியிருப்பின் விளக்குகள் தெரியும்வரை மூவரும் இறங்கி நடந்தோம். மருதாசலம் சற்றுப் பின்தங்கியபோது சொன்னேன்.

“நீங்க இனிமே வகுப்புக்கு வர வேண்டாம்.”

பேச்சி நின்றாள்.

“போன் விசயத்துக்காகவா சார்? தப்புதானுங்க. நீங்க கவலைப்படக் கூடாதுன்னுதான் அத்தைகிட்டச் சொல்லி வெச்சேன்.”

“அதுக்காக இல்லை.”

“பின்ன மாட்டுக்காகவா?”

நான் விளக்குகளைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

“வரலீன்னா மட்டும் நான் எங்க போவேன்னு நெனைக்கறீங்க? திங்கக்கெழம காலைல இதே பன்னண்டாம் நம்பர்லதான் கொழுந்து எடுக்கோணும். செவ்வாக்கெழமையும். மாடு சனிக்கெழம மட்டுமா நிக்குது?” மூச்சு வாங்கிக்கொண்டாள். “டவுன்ல ஆஸ்பத்திரி வேலை கெடைச்சா ரோட்டோரமா ஒரு ரூம் பாத்து அத்தையக் கூட்டிட்டுப் போயிருவேன். இதுக்குள்ள இருந்து வெளிய போறதுக்குத்தான் சார் படிக்கறேன். பாலாமணி அக்காவும் அதுக்குத்தான படிச்சுது?”

அவள் எதற்குப் படித்தாள் என்று நான் கேட்டதே இல்லை. சேர்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

செய்முறைத் தேர்வுக்கான பட்டியலைத் திங்கட்கிழமை எழுத வேண்டியிருந்தது. பன்னிரண்டு பெயர்களை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். மதியம்வரை அது அப்படியே கிடந்தது. பிறகு திறந்து பதின்மூன்றாவதை எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை விதியை மாற்றினேன். மிஸ்டு கால் வந்ததும் நான் திரும்ப அழைப்பேன். அவர்களே எடுத்துப் பேச வேண்டும். குரல் கேட்டால்தான் டிக். பஸ் நின்றுபோனால் யாரும் தனியாக இறங்கக் கூடாது. எனக்குச் சொன்னால் நான் வருவேன்.

அன்றும் மூட்டம். ஐந்து மணிக்குப் பேச்சியின் எண் ஒளிர்ந்து அணைந்தது. உடனே அழைத்தேன்.

“சார், நாந்தானுங்க. ஊட்டுக்குள்ள நிக்கறேன்.”

“சரி.”

“வெச்சுரட்டுங்களா?”

“கொஞ்சம் பேசுங்க.”

“என்னத்தப் பேசறதுங்க?”

கைப்பேசியைக் காதிலேயே வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம். பிறகு அவள் வகுப்பில் ஒப்பிக்கும் குரலில் தொடங்கினாள்.

“பெரியவங்களுக்கு நாடித்துடிப்பு நிமிசத்துக்கு அறுபதுல இருந்து நூறு. மூச்சு பன்னண்டுல இருந்து இருபது. காய்ச்சல் பாக்கறப்ப மொதல்ல தெர்மாமீட்டரத் தொடைக்கோணும்...”

டிக் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே பேக்கரி விளக்கும் தெரியவில்லை. இன்னும் ஒன்பது பேர் பேச வேண்டியிருந்தது.