பயம் கற்ற நிழல்

அந்த வீட்டில் தம்பிக்கு அவசரம் என்று பெயர். எட்டாம் மாதமே பிறந்துவிட்டான் என்று அப்பா கேலியாகக் கூப்பிட்டது. பிறகு அவன் பந்தய வண்டி ஓட்டப் போனதும் ஊரே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. அக்காவுக்குப் பட்டப்பெயர் ஒன்றும் கிடையாது. அவள் அதே பந்தயப் பட்டறையில் நிழல் வளர்க்கிறவள்.

நிழல் என்றதும் பேய் பிசாசு என்று நினைத்துவிட வேண்டாம். இப்போதெல்லாம் பந்தயத்தில் பாதித் தூரம்தான் மனிதர் ஓட்டுவது. மீதிப் பாதியை, அந்த மனிதர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்தே பழகிய இயந்திர மூளை ஓட்டும். அதற்குத்தான் நிழல் என்று பெயர். யாருடைய நிழலோ அவர் அந்தப் பாதி முழுக்கக் கையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் தொட்டால் ஓட்டம் செல்லாது. சொந்த உயிரையும் கூடவே ஏற்றி அனுப்பினால்தான் நிழலை ஒழுங்காக வளர்ப்பார்கள் என்று விதி எழுதியவர்கள் நினைத்தார்கள். மனிதர்களைத் தெரிந்தவர்கள்தான்.

அவசரத்தின் கைதான் மடியில் இருக்க மாட்டேன் என்றது.

பாதையின் கடைசியில் கொக்கி போல மடங்கும் ஒரு வளைவு உண்டு. போன மழைக்காலத்தில் அங்கே அவன் வழக்கம்போலக் கடைசி நேரத்தில் பிரேக்கை மிதித்தான். ஈரத்தில் வண்டி திரும்பாமல் நேரே சுவரில் போய் மோதியது. தோளிலும் விலாவிலும் எலும்பு முறிந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். எலும்பு கூடியது, மருத்துவரும் ஓட்டலாம் என்றார். தானே ஓட்டும்போது நன்றாகத்தான் ஓட்டினான்; அந்த வளைவில் மட்டும் கொஞ்சம் முன்னதாக வேகத்தைக் குறைத்தான். ஆனால் நிழல் ஓட்டும்போது, வளைவு நெருங்கியதுமே அவன் கை தானாக எழுந்து ஸ்டியரிங்கைப் பிடித்தது. இரண்டு பயிற்சி ஓட்டங்களும் அப்படியே வீணாகின.

பட்டறை முதலாளியம்மா கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் தேவலை. நாளைக்குத் தகுதி ஓட்டம், அதிலும் கை எழுந்தால் இருக்கை வேறொருவருக்குப் போகும் என்று, மழை வரும் என்பது போல நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வேறொருவர் ஏற்கெனவே வந்து, பட்டறை வாசலில் ஹெல்மெட்டும் கையுமாகப் பவ்வியமாக உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் தம்பி நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததைக் கண்டவள் அக்கா. இருக்கை போனால் அவன் திரும்பவும் அந்தச் சுவருக்குத்தான் போவான்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவனிடம் பேச்சை எடுத்தாள். பயப்பட என்ன இருக்கிறது, நிழல் இதுவரை ஒரு தடவையாவது சறுக்கியதா, கணக்கில் எங்கேயாவது பிசகு உண்டா என்று அடுக்கினாள். அவன் தட்டிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. கடைசியில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அது யாரோ இல்லடா. நீதான் அது. உன்னையே நம்ப மாட்டியா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அது நான் இல்லக்கா. சுவத்துல போய் மோதினானே, அவன். அவன் ஓட்டுற வண்டியில என்னைக் கையைக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்ற."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அக்கா தன் இடத்துக்குத் திரும்பிக் கணினியைத் திறந்தாள். நிழல் வளர்ப்பவர்களுக்குக் களை எடுப்பது பல் தேய்ப்பது மாதிரி. ஓட்டுநர் அன்றன்று ஓட்டிய சுற்றுகளில் மந்தமானதை, தயங்கியதை, தடுமாறியதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் நிழலுக்கு ஊட்டுவார்கள். யோசித்துச் செய்கிற வேலை இல்லை. கை பாட்டுக்குச் செய்யும். அன்று அவள் பிடுங்கிப் போட்ட குவியலைத் திறந்து பார்த்தாள். தம்பி திரும்பி வந்த பிறகு ஓட்டிய சுற்று ஒன்றுவிடாமல் அதில் கிடந்தது. கொக்கி வளைவில் கொஞ்சம் முன்னதாக ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்தான் என்ற ஒரே குற்றத்துக்காக எல்லாமே களையாகியிருந்தன. விழுந்து எழுந்து வந்த தம்பியை அவளே வாசலில் நிற்க வைத்துவிட்டு, விழாத தம்பியை உள்ளே உட்கார வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இது தெரிந்தபோது அவளுக்குத் தன்மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை.

நேரே முதலாளியம்மாவிடம் போனாள். அந்தச் சுற்றுகளையும் நிழலுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றாள். அறையில் இருந்த டயர்க்கார மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வண்டி வேகமாகப் போகத்தான் ஊர் உலகமெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறது, பயப்படக் கற்றுக்கொடுக்கிற முதல் ஆள் நீதான் தாயே என்றார். முதலாளியம்மா சிரிக்கவில்லை. தகுதி நேரத்தைத் தாண்டிவிட்டால் கை எழாமல் இருந்தும் பிரயோஜனமில்லை, அது தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றாள் அக்கா. அப்படியானால் செய் என்றார்.

மறுநாள் காலையில் தம்பியிடம் விஷயத்தைச் சொல்லப் போனாள். அவன் முந்தின நாள் கோபத்திலேயே இருந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். மாமா வண்டிக் கதவைச் சாத்தினார்.

இந்த வண்டிகளுக்கு இரைச்சல் கிடையாது. டயர் தரையை உரசும் சத்தமும் காற்றுச் சத்தமும்தான். தம்பி தன் பாதியை ஓட்டி முடித்தான். சுத்தமான ஓட்டம். பட்டறையில் இருந்த திரையில் பச்சை விளக்கு எரிந்தது. நிழல் வண்டியை வாங்கிக்கொண்டது. உள்ளே இருந்த கேமரா, மடியில் கிடந்த அவன் கைகளைக் காட்டியது. விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன. அக்கா வேறெதையும் பார்க்கவில்லை.

வண்டி நேர்ப்பாதையில் சீறி வந்தது. கொக்கி வளைவுப் பலகை தெரிந்தது. வலது கை மடியை விட்டு எழுந்தது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டார்.

அப்போது நிழல் வேகத்தைக் குறைத்தது. பழைய இடத்தில் இல்லை, அதற்கு முன்னாலேயே. தம்பி இந்த மாதங்களில் எங்கே கால் எடுத்தானோ, சரியாக அங்கே.

எழுந்த கை ஸ்டியரிங்குக்குப் போகாமல் பாதியில் நின்றது. வண்டி பதற்றமில்லாமல் வளைவுக்குள் இறங்கித் திரும்பியது. ரேடியோவில் அவன் குரல் வந்தது.

"அக்கா."

"சொல்லுடா."

"இவனுக்கும் பயமா இருக்குக்கா."

தம்பியை அசிங்கப்படுத்திவிட்டோமோ, பயந்தாங்கொள்ளி என்று ஊருக்கே காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்று அக்கா ஒரு கணம் பதறினாள். ஆனால் அவன் இப்போது அவளிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை. நின்ற கை கீழே இறங்கி, தன் தொடையையே மெல்லத் தட்டிக்கொடுத்தது.

"ஒண்ணும் ஆகாதுடா," என்றான் தம்பி. "நான் கூடத்தானே இருக்கேன். நீ பாத்துப் போ."

அடுத்த சுற்றில் கை எழவே இல்லை. அதற்கடுத்த சுற்றிலும் இல்லை. முன்னதாக வேகம் குறைத்ததில் இழந்த நேரத்தை, வளைவிலிருந்து ஒழுங்காக வெளியே வந்து நேர்ப்பாதையில் சீக்கிரம் வேகம் பிடித்ததில் பெரும்பாலும் மீட்டுக்கொண்டது நிழல். தகுதி நேரத்துக்குள் மயிரிழையில் வந்து சேர்ந்தது வண்டி. முதலாளியம்மா எண்ணை இரண்டு தடவை பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், காத்திருந்தவருக்குக் கைகொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

டயர்க்கார மாமாவுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"உள்ள தனியாத்தானேம்மா இருந்தான்? யாருகிட்டப் பேசினான்?"

"அவனுக்கும் ஒரு தம்பி வந்துட்டான், மாமா," என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள். முடியவில்லை, அழுதுவிட்டாள்.